தாப்பாவில் இரண்டு டொயோட்டா 86: மேனுவலா, ஆட்டோவா?

என் அத்தை மகனும் நானும் ஓட்டுவது ஒரே கார்தான். இரண்டும் 2013ஆம் ஆண்டில் பதிவான முதல் தலைமுறை டொயோட்டா 86. இரண்டையும் பழைய காராகவே வாங்கினோம். இரண்டிலும் தொழிற்சாலையிலிருந்து வந்த 17 அங்குலச் சக்கரங்களும் 215/45 அளவு டயர்களுமே இருக்கின்றன. அவருடையது கியரைத் தானே மாற்றும் ஆறு கியர் ஆட்டோ (ஆட்டோமேட்டிக்), என்னுடையது கையால் மாற்றும் ஆறு கியர் மேனுவல். இந்த ஒரு வேறுபாட்டைத் தவிர மற்றெல்லாம் ஒத்திருக்கும் இரண்டு கார்கள், மலேசியாவின் தாப்பா போன்ற சிறிய தோட்டப்புற ஊரில், ஒரே குடும்பத்தில் அமைவது அரிது என்பதால், நான்கு வாரங்களுக்குச் சாவிகளை மாற்றிக்கொண்டோம். பழைய 86 ஒன்றை வாங்க எண்ணி, எந்தக் கியர் பெட்டியோடு வாங்குவது என்று தடுமாறுகிறவருக்கு நான் என்ன சொல்வேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ச் சாலைகள் இத்தகைய ஒப்பீட்டுக்கு மிகவும் பொருத்தமானவை. வீட்டை விட்டுக் கிளம்பினால் முதலில் செம்பனைத் தோட்டத்தின் நடுவே செல்லும் குறுகிய தார்ச்சாலை. அது முடியும் இடத்தில், ஈப்போவையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பழைய கூட்டரசு சாலை. ஊரை ஒட்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. கிழக்கே, லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியைக் கடந்து, ரிங்லெட் வழியாக, கேமரன் மலையில் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவுக்கு ஏறும் 59ஆம் எண் மலைச்சாலை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம் கொண்ட அந்த ஏற்றத்தில் நேரான சாலை என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு.

கியர் பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் எஞ்சினைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனெனில் பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். டொயோட்டாவும் சுபாருவும் இணைந்து உருவாக்கி 2012இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தக் காரில் இருப்பது, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்தவாறு அமைந்த 1,998 சிசி பாக்சர் எஞ்சின். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ கிடையாது. 200 பிஎஸ் (குதிரைத்திறன்) நிமிடத்துக்கு 7,000 சுற்றில் கிடைக்கிறது; 205 நியூட்டன் மீட்டர் என்ற உச்ச முறுக்கு விசையோ 6,400 முதல் 6,600 சுற்றுக்குள்தான் வருகிறது; எஞ்சின் தாண்டக் கூடாத எல்லையான சிவப்புக் கோடு 7,400இல் தொடங்குகிறது. இந்த எஞ்சினை அறிந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த இன்னொரு குணமும் உண்டு. முறுக்கு விசை தொடக்கத்தில் நன்றாக ஏறி, ஏறத்தாழ 3,500 சுற்றில் சரிந்து, 4,500ஐத் தாண்டிய பிறகே மீண்டும் எழுகிறது. மேட்டில் ஏறும் மிதிவண்டிக்காரர் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வதைப் போன்ற அந்த இடத்தை நான் பள்ளம் என்றே குறிப்பிடப் போகிறேன். என் தீர்ப்பு முழுவதும் அந்தப் பள்ளத்தின் மேல்தான் நிற்கிறது.

இனிக் கியர் விகிதங்களை, அதாவது பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு முறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்களை, பார்ப்போம். மேனுவல் பெட்டியின் ஆறு விகிதங்கள் 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. ஆட்டோ பெட்டியில் அவை 3.538, 2.060, 1.404, 1.000, 0.713, 0.582. பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையிலான கடைசிப் பல்சக்கர விகிதம் இரண்டுக்கும் 4.1 தான். எண்களைப் பார்த்து அலுத்துக்கொள்ள வேண்டாம். காரின் குணமே இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. மேனுவலில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாறும்போது எஞ்சின் சுற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆட்டோவில் அதே மாற்றத்தில் நூற்றுக்கு இருபத்தொன்பது பங்கு குறைகிறது. அதாவது, 6,000 சுற்றில் நான்காவதை இட்டால் மேனுவலில் முள் 4,700க்கு மேல் வந்து நிற்கும், பள்ளத்தைத் தாண்டிய இடத்தில். ஆட்டோவில் 4,270 அளவில் நிற்கும், பள்ளத்துக்கு உள்ளேயே. உயர் சுற்றில் மட்டுமே உயிர் பெறும் எஞ்சினுக்கு நெருக்கமான விகிதங்கள் வேண்டும். அந்த நெருக்கம் மேனுவலிடம்தான் இருக்கிறது.

இது காகிதக் கணக்கு அன்று என்பதைப் பழைய கூட்டரசு சாலையில் ஒரே காலையில் உணர்ந்துவிடலாம். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று முன்னே மெதுவாகப் போகிறது. எதிர்ப்புறம் வெகு தூரம் வரை சாலை தெளிவாகத் தெரிகிறது. கோடு முந்துவதற்கு அனுமதிக்கிறது. வேகம் 70 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து அனுமதிக்கப்பட்ட 90ஐத் தொடும் வரை, மூன்றாவது கியரில் மேனுவலின் எஞ்சின் ஏறத்தாழ 3,750 சுற்றிலிருந்து 4,830 வரை ஏறுகிறது. முக்கால் வழிக்கு முன்பே பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அதே மூன்றாவதில் ஆட்டோ 3,420இல் தொடங்கி 4,400இல் முடிக்கிறது. முந்திச் செல்லும் நேரம் முழுவதும் பள்ளத்திலேயே கழிகிறது. லாரியின் பின்சக்கரத்துக்கு அருகில் வந்த பிறகு கார் தயங்குவதாகத் தோன்றும் அந்த இரண்டு வினாடிகள் எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

ஆட்டோவுக்கு இதற்கு விடை உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடத் துடுப்பைத் தட்டி இரண்டாவது கியருக்கு இறங்கினால், 70இல் முள் 5,000ஐத் தொட்டு நிற்கும். அங்கிருந்து 90 வரை கார் பாய்ந்து செல்கிறது. ஆனால் அதைச் செய்வதற்கு ஓட்டுநர் சிந்திக்க வேண்டும், முன்கூட்டியே தயாராக வேண்டும், எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் செய்கிறவர் மேனுவல் ஓட்டுநரின் வேலையில் முக்கால் பங்கைச் செய்துவிடுகிறார். என் மச்சான் மூன்று ஆண்டுகளாக அந்தத் துடுப்புகளை அநேகமாகத் தொட்டதே இல்லை. என் காரை நான்கு நாள் ஓட்டிய பிறகு அவர் சொன்னது: “மச்சான், இது ரெண்டும் ஒரே எஞ்சின்னு சொன்னா நம்ப முடியல.” ஒரே எஞ்சின்தான், விகிதங்கள்தான் வேறு.

நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட மேனுவலுக்கு 7.6 வினாடியும் ஆட்டோவுக்கு 8.2 வினாடியும் ஆகும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மேனுவலின் இரண்டாவது கியர் 97 கி.மீ. அளவிலேயே முடிந்துவிடுவதால், 100ஐத் தொடுவதற்குள் இரண்டு முறை கியர் மாற்றியாக வேண்டும். ஆட்டோவின் இரண்டாவது கியர் 100ஐத் தாண்டிச் செல்வதால் ஒரே மாற்றம் போதும். ஒரு மாற்றம் குறைந்தும் ஆட்டோ பின்தங்குகிறது என்றால், நீளமான கியர்களும் எஞ்சினையும் ஆட்டோ பெட்டியையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் கிளம்பும்போது கரையும் சக்தியும் அந்த ஆதாயத்தை விழுங்கிவிடுகின்றன என்று பொருள்.

மலைச்சாலைக்கு வருவோம். இங்கேதான் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் மேனுவல் ஆட்டோவை வெகு தூரம் பின்னால் விட்டுவிடும் என்று நம்பியிருந்தேன். உண்மையில், 40 முதல் 60 கி.மீ. வரையான வேகத்தில், அந்தச் சாலை அதற்கு மேல் பாதுகாப்பாக அனுமதிப்பதும் இல்லை, இரண்டு கார்களும் இரண்டாவது கியரில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. இரண்டாவது கியரின் விகிதங்களோ அருகருகே இருப்பவை. மேனுவல் 46 முதல் 59 கி.மீ. வரை பள்ளத்தில் இருக்கிறது. ஆட்டோ 49 முதல் 63 வரை. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு வெற்றி தோல்வி பேசுவது முறையாகாது. மேலும், கியர்க்கோலை எம் நிலைக்குத் தள்ளிவிட்டால் ஆட்டோ நாம் தேர்ந்த கியரிலேயே நிற்கிறது. கியரை இறக்கும்போது எஞ்சினைத் தானே ஒரு முறை உயர்த்திச் சுற்றைப் பொருத்திக்கொள்கிறது. காலை ஏழு மணிக்கு மூடுபனி இறங்கி, சாலை நனைந்து, எதிரே காய்கறி லாரி வளைவின் நடுவில் வரும்போது, இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருப்பதன் அருமை தெரிந்தது. பின்சக்கரங்கள் உந்தும் கார் என்பதால் அந்த ஈரச் சாலையில் அது சிறிய ஆறுதல் அன்று.

ஆனாலும் நான்காவது வாரத்தின் முடிவில் என் காருக்குத் திரும்பி அதே சாலையில் ஏறியபோது, வளைவுக்கு முன்பே கியரைத் தேர்ந்து, கிளட்சை விட்டு, எஞ்சின் இறுகப் பிடித்துக்கொண்டதைக் காலின் அடியில் உணர்ந்து, அதன் பிறகே ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்த ஒழுங்கு எனக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அறிந்தேன். வளைவின் நடுவில் காலை ஒரு நூலளவு எடுத்தால் காரின் மூக்கு ஒரு நூலளவு உள்ளே வருகிறது. இடையில் திரவமோ கணினியின் யோசனையோ இல்லை. என் அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். பதின்மூன்று வயதில் என்னைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “சத்தத்தக் கேட்டு கியரப் போடணும் தம்பி, மீட்டரப் பார்த்து இல்ல.” பாக்சர் எஞ்சினின் கரகரத்த சத்தத்தைக் கேட்டபடி இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாடம் கையில் தானே வந்து அமர்கிறது. இதற்கு எண் கொடுக்க முடியாது. எண் இல்லாததால் இது பொய்யும் ஆகிவிடாது.

இறக்கத்தைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் இது விருப்பத்தைப் பற்றியது அன்று, உயிரைப் பற்றியது. ரிங்லெட்டிலிருந்து இறங்கும் சாலையில், விடுமுறை நாட்களில், பிரேக் கருகும் நாற்றம் காற்றில் வருவதை எங்கள் ஊரார் அனைவரும் அறிவர். ஆட்டோ காரை, கியரைத் தானே தேரும் டி நிலையிலேயே விட்டுவிட்டு, கீழே வரும் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். மேனுவலில் இரண்டாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது எஞ்சின் 3,800 சுற்றில் நின்று காரை இழுத்துப் பிடிக்கிறது. பிரேக் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் போதும். ஆட்டோவிலும் எம் நிலையில் இரண்டாவதை இட்டால் ஏறக்குறைய அதே பிடிப்பு கிடைக்கிறது. ஆகவே இங்கே குறை பெட்டியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது; ஆட்டோ வாங்குகிறவர் இந்த ஒன்றை முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும்.

ஆட்டோ தெளிவாக வெல்லும் இடங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் மேனுவல் எஞ்சின் 2,900 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்க, ஆட்டோ 2,200 அளவில் அமைதியாக உருள்கிறது. ஐரோப்பிய அளவீட்டின்படி நூறு கிலோமீட்டருக்கு மேனுவல் 7.8 லிட்டரும் ஆட்டோ 7.1 லிட்டரும் குடிப்பதற்கு இந்த நீளமான ஆறாவது கியரும் ஒரு காரணம். பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வாகனங்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும்போதும், தீபாவளிக்கு முந்திய நாளில் கோலாலம்பூரை விட்டு வெளியேறும்போதும், மேனுவல் காரின் இடக் கால் படும் பாட்டுக்கு ஈடு சொல்ல முடியாது. நாள்தோறும் பட்டணத்து நெரிசலில் வேலைக்குப் போய் வருகிறவர் இந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டு ஆட்டோ வாங்கினால், நான் அவரோடு வாதிட மாட்டேன்.

இவ்வளவையும் எடை போட்டுப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது: முதல் தலைமுறை 86க்கு மேனுவலே சரியான பெட்டி. வேகமாக ஓட்டும் கார் எதுவாக இருந்தாலும் மேனுவல்தான் வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்பதையும் உடனே சேர்த்துச் சொல்கிறேன். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டர்போ எஞ்சின் 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை 1,500 சுற்றிலிருந்தே தந்து 4,400 வரை தட்டையாக வைத்திருக்கிறது. எந்தக் கியரில் இருந்தாலும் இழுக்கும் எஞ்சினுக்குக் கியரைத் தேடிக் கொடுக்கும் கை தேவையில்லை. அங்கே கியரைத் தானே மாற்றும், இரட்டைக் கிளட்ச் கொண்ட டிஎஸ்ஜி பெட்டி மனிதக் கையைவிட விரைவாக, தவறின்றி வேலையை முடிக்கிறது. பந்தயத் தளத்தில் இந்த வாதம் எப்போதோ முடிந்துவிட்டது. 1989ஆம் ஆண்டு பிரேசில் கிராண்ட் பிரீயில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நைஜல் மான்செல் ஃபெராரியின் துடுப்புக் கியர் பெட்டியோடு வென்ற நாளிலேயே அந்த முடிவு தொடங்கிவிட்டது. ஆயினும் சாலைக் கார்களில் அந்த வாதம் அவ்வளவு எளிதாக முடியவில்லை: போர்ஷே நிறுவனம் 2013இல் தன் 911 ஜிடி3 காரை இரட்டைக் கிளட்ச் பெட்டியோடு மட்டுமே விற்றது, 2017இல் மேனுவலை மீண்டும் கொண்டுவந்தது. இரண்டில் விரைவானது எது என்பதில் அங்கே யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. வாங்குகிறவர்கள் கேட்டது வேறு ஒன்று.

புதிய தலைமுறை ஜிஆர்86ஐப் பொறுத்தவரை என் வாதம் பாதி வலுவிழக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2,387 சிசியாக வளர்ந்த எஞ்சின் 250 நியூட்டன் மீட்டரை 3,700 சுற்றிலேயே தருகிறது. பழைய பள்ளம் இருந்த இடத்தில் இப்போது மேடு இருக்கிறது. 100ஐத் தொடும் நேரம் மேனுவலுக்கு 6.3 வினாடி, ஆட்டோவுக்கு ஏறத்தாழ அரை வினாடி கூடுதல். அதை வாங்கும் வசதி உள்ளவர் எந்தப் பெட்டியைத் தேர்ந்தாலும் எஞ்சின் அவரைக் கைவிடாது. சாலை வரி மட்டும் ஆண்டுக்கு 379 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 767 வெள்ளியாக ஏறும்.

பழைய 86 வாங்கப் போகிறவர் இரண்டு வகையையும் வெவ்வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். மேனுவல் கார்களை வாங்கியவர்களில் பலர் ஓட்ட ஆசைப்பட்டு வாங்கியவர்கள். ஆகவே கிளட்சும் இரண்டாவது கியரும் என்ன பாடுபட்டிருக்கின்றன என்பதைச் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, காலையில் முதல் முறை கிளப்பும் நேரத்தில், போய்ப் பாருங்கள். இந்தப் பெட்டி எண்ணெய் சூடேறும் வரை சற்று இறுக்கமாகவே இருக்கும், அது இயல்பு. சூடேறிய பிறகும் இரண்டாவது கியர் கரகரவென்று முரண்டு பிடித்தால் அது இயல்பு அன்று. வெறிச்சோடிய சாலையில் நான்காவது கியரில் 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுவதுமாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நான் முதலில் பார்க்கப் போன காரில் இதுதான் நடந்தது. விற்றவர் அதைக் குளிரின் மேல் போட்டார். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது? “இது வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டியதில்லை” என்ற பதிலை மச்சான் இரண்டு இடங்களில் கேட்டார். மலையடிவாரத்தில், ஏற்றமும் வெயிலுமாக உழைத்த பெட்டிக்கு அந்தப் பதில் எனக்குப் போதாது. ரசீதுகளோடு வந்த மூன்றாவது காரைத்தான் அவர் வாங்கினார். இன்றுவரை அது தொல்லை தரவில்லை.

வாங்குவதற்கு முன் வீட்டில் பேச வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. நான் அதைப் பேசாமல் வாங்கினேன். நம் நாட்டில் டிஏ வகுப்பு உரிமம் வைத்திருப்பவர் ஆட்டோ காரை மட்டுமே ஓட்டலாம். என் மனைவியிடம் இருப்பது அந்த உரிமம்தான். சென்ற ஆண்டு ஓர் இரவு எனக்குக் காய்ச்சல் கடுமையாகி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தபோது, வாசலில் நின்ற என் காரை அவரால் எடுக்க முடியவில்லை. மச்சானை எழுப்பி, அவருடைய ஆட்டோ காரில்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு, காரை விற்றுவிடலாமா என்று நான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். இந்த மாதம் டி வகுப்பு உரிமத்துக்காக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்திருக்கிறார். நேற்று மாலை, எஞ்சினை அணைத்து நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து ஒன்றிலிருந்து ஆறு வரை கியர்க்கோலை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.